கரையில் தங்கிய சுழியோடி: ஆதர் சி. கிளார்க்கும் திருகோணமலைக் கடலும்

கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவர் போன மாதம் தொலைபேசியில் ஒரு யோசனை கேட்டார். ஆள் ஈச்சிலம்பற்றுக்காரர். 2006இல் மாவிலாற்றுச் சண்டை தொடங்கியபோது வெருகலாற்றைக் கடந்து வாகரைப் பக்கம் குடும்பத்தோடு ஓடியவர்களில் ஒருவர். இப்போது அங்கே சுழியோடப் பழகி, சான்றிதழும் எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த விடுமுறையில் மாலைதீவுக்குப் போய் ஒரு கிழமை படகிலேயே தங்கிச் சுழியோடுவதா, இல்லை ஊருக்கு வந்து நின்று திருகோணமலையில் மூழ்குவதா என்பதுதான் அவருடைய குழப்பம்.

படகில் தங்கினால் சாப்பாடு, படுக்கை, காற்றுச் சிலிண்டர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை மூழ்கலாம். கரையில் தங்கினால் பெரும்பாலும் இரண்டு தடவைதான். எனக்குச் சுழியோடத் தெரியாது. ஆனால் இதே கடலுக்காக ஒரு மனிதர் தன் சீவியத்தின் பிற்பாதி முழுவதையும் இந்தத் தீவில் கழித்தார் என்பது தெரியும். மச்சானுக்கு அவருடைய கதையைத்தான் சொன்னேன்.

ஆதர் சி. கிளார்க் 1917ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கரையோர ஊரில் பிறந்தார். பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதிகள் வழியாக உலகம் முழுவதும் தொடர்பாடலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர். இன்று நம் வீட்டுக் கூரைகளில் இருக்கும் டிஷ் அன்டெனாக்கள் பார்த்துக்கொண்டிருப்பது அவர் அன்று குறித்த அந்தச் சுற்றுப்பாதையைத்தான். அறிவியல் புனைகதைகளால் உலகப் புகழ் பெற்றார். விண்வெளியைப் பற்றி எழுதியவருக்குக் கடல்மேல் ஏன் ஆசை என்றால், காரணம் எளியது. தண்ணீருக்குள் உடம்பின் பாரம் தெரியாது. விண்வெளிக்குப் போக வழியில்லாதவருக்கு அதற்கு மிக அருகில் கிடைத்த இடம் கடல்தான்.

1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பவளப் பாறைத் தொடருக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கினார். தரித்தது கொஞ்ச நேரம். ஆனால் இந்த நாட்டின் முன்னோடிச் சுழியோடியான றொட்னி ஜொங்கிளாஸைச் சந்திக்க அது போதுமாக இருந்தது. 1956இல் தன் கூட்டாளி மைக் வில்சனுடன் திரும்பி வந்தார். அதன்பிறகு இலங்கையே அவருக்கு வீடு.

அந்த ஆண்டே அவர்கள் திருகோணமலைக்கு வந்தார்கள். சுவாமி மலை கடலுக்குள் நேராக இறங்குகிற இடம். மேலே நின்று பார்த்தால் நூறு மீற்றருக்கு மேல் பள்ளம், கீழே ஆழக் கடல். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கற்களில் ஒரு பகுதியைக் கோட்டை கட்ட எடுத்தார்கள், மிச்சம் கடலுக்குள் போனது. அந்தத் தூண்களையும் செதுக்கிய கற்களையும் வில்சனும் கிளார்க்கும் நீருக்கடியில் பார்த்துப் படம் எடுத்தார்கள். 1957இல் வந்த கிளார்க்கின் நூலொன்று அதை உலகத்துக்குச் சொன்னது. கடலடியிலிருந்து வில்சன் மீட்ட லிங்கம் பிறகு கோயிலைச் சேர்ந்தது. 1963இல் மீளக் கட்டிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. அந்த வில்சன்தான் பிற்காலத்தில் கதிர்காமக் கந்தனின் அடியாராகிச் சுவாமி சிவ கல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

இதில் ஒரு சொல் எனக்கு உறுத்தும். கிளார்க் கோயிலைக் கண்டுபிடித்தார் என்று இணையமெங்கும் எழுதியிருக்கிறார்கள். கோயில் இல்லாத காலத்திலும் அந்தப் பாறை உச்சியில் நின்று கடலைப் பார்த்துப் பூசை செய்த சனம் இருந்தது. கல் எங்கே கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமலா பூவையும் தேங்காயையும் கடலில் விட்டார்கள்? கிளார்க் செய்தது படம் எடுத்துக் காட்டியது. அதுவே பெரிய உதவிதான், குறைத்துச் சொல்லவில்லை.

மச்சானுடைய கேள்விக்கு வருகிறேன். திருகோணமலைக் கடல் வைகாசி முதல் புரட்டாதி வரை அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கினால் இறங்க முடியாது. அந்தக் காலத்தில் தெற்கும் மேற்கும் தெளிந்துவிடும். படகோடு வந்து போகிறவருக்கு ஒரு பருவம்தான் கிடைக்கும். தரையில் குடியிருப்பவர் தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறினால் ஆண்டு முழுவதும் மூழ்கலாம். கிளார்க் இங்கே தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் எல்லா இடத்துக்கும் கரை சரிவராது. தென்கிழக்கே, யால காட்டுக்கு வெளியே நடுக்கடலில், பெரிய பாசஸ் வெளிச்சவீடு நிற்கிறது. அங்கே கடல் வருடத்தில் சில கிழமைகள் மட்டுமே இறங்க விடும். 1961இல் வில்சனும் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் அந்தப் பாறையடியில் ஒரு சிதைந்த கப்பலைக் கண்டார்கள். சூரத்தில் அடித்த வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தன. அவை ஔரங்கசீப் காலத்தவை. அப்படியான இடத்துக்குக் கடலிலேயே காத்துக்கிடக்கத்தான் வேண்டும்.

1962இல் கிளார்க்குக்குப் பக்கவாதம் போல் ஒரு நோய் வந்து கைகால்கள் முடங்கின. மெல்லத் தேறினாலும், பிற்காலத்தில் சக்கர நாற்காலிதான். இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவு என்று 1988இல் வைத்தியர்கள் சொன்னார்கள். தரையில் நடக்க முடியாதவர் தண்ணீரில் மட்டும் பழையபடி நீந்தினார். ஹிக்கடுவையில் இருந்த அவருடைய சுழியோடல் நிலையத்தை 2004 சுனாமி அழித்தது. அதே அலைதான் ஈச்சிலம்பற்றுக் கரையையும் அடித்தது.

2007 டிசம்பரில் 90 வயதானபோது மூன்று ஆசைகள் சொன்னார். அதில் ஒன்று இந்த நாட்டில் நிலையான சமாதானம். அப்போது நம் பக்கத்தில் அகதிமுகாமில் இருந்தவர்களும் இருந்தார்கள், எரிந்த வீட்டுக்கு மேல் தறப்பாள் கட்டித் திரும்பியவர்களும் இருந்தார்கள். 2008 மார்ச் 19ஆம் திகதி அவர் கொழும்பில் காலமானார். பொரளை மயானத்தில் அடக்கம் செய்தார்கள். யுத்தம் முடிந்த விதத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

நம்மவர்களுக்கு அந்த ஆண்டுகளில் கடல் பெரும்பாலும் பூட்டித்தான் கிடந்தது. தொழிலுக்குப் போகவே பாஸ், நேரக் கட்டுப்பாடு. சுழியோடல் யாருக்கு நினைவில் இருந்தது? இன்று வெருகலில் பாதை ஏறத் தேவையில்லை, பாலம் இருக்கிறது. நிலாவெளியிலும் புறாத்தீவிலும் வெள்ளைக்காரர் மூழ்குகிறார்கள். பாசிக்குடாவிலிருந்து 1942இல் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கும் போகிறார்கள். நடுவில் இருக்கும் ஈச்சிலம்பற்றுக் கரையில் சுழியோடல் பலகை ஒன்றையும் நான் கண்டதில்லை.

மச்சானிடம் சொன்னேன்: மாலைதீவுப் படகில் கொடுக்கும் காசு அந்தப் படகுக்குள்ளேயே முடிந்துவிடும். ஊரில் நின்றால் ஓட்டோக்காரர், வள்ளக்காரர், மாமி வீட்டு மீன்கறி என்று அது பிரியும். மூழ்குவது இரண்டு தடவை குறைந்தால் என்ன? அதோடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சுழியோடத் தெரியாது, ஒரு கிழமை படகில் அவர்கள் என்ன செய்வது?

ஆனியில் வருகிறாராம். கடைசியாக மூழ்கிப் பதினெட்டு மணித்தியாலமாவது கழிந்த பிறகே விமானம் ஏற வேண்டும் என்று அவரே எனக்குச் சொல்லித்தந்தார். அந்த ஒரு நாளை வெருகல் முருகன் கோயிலுக்கு வைத்திருக்கிறார்.