ஹிரோஷிகே வரைந்த கழுகு

கொல்கத்தாவில் கரியாஹாட் சந்தியினின்று தெற்கே கோல்பார்க் நோக்கிச் சென்ற நாம், நடைபாதைப் பழைய புத்தகக் கடையொன்றில், கிழிந்த சித்திர நூலின் தனித்தாள் ஒன்றைச் சொற்ப விலைக்குப் பெற்றோம். பனி மூடிய சதுப்பு நிலம். மேலே சிறகு விரித்துக் கீழ்நோக்கும் கழுகு. கீழே நீரில் மிதக்கும் மரத்தொட்டி. 1857ஆம் ஆண்டில் ஜப்பானில் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட படத்தின் பிரதி அது. வரைந்தவர் ஹிரோஷிகே.

எடோ என்று அந்நாளில் வழங்கிய தோக்கியோ நகரில், 1797இல், தீயணைப்புக் காவல் உத்தியோகஸ்தரின் மகனாய் அவர் பிறந்தார். 1809இல் தாயும் தந்தையும் மறைய, பன்னிரண்டு வயதிலேயே தந்தையின் உத்தியோகம் அவர்மேல் விழுந்தது. பிறகு தொயோஹிரோ என்னும் ஓவியரிடம் மாணவராகி, பணியையும் தூரிகையையும் பல்லாண்டு சேர்த்தே சுமந்தார். 1830களில் பறவையும் மலருமாய்ப் பல படங்கள் வரைந்தார்; தொக்கைடோ நெடுஞ்சாலைப் படங்கள் அவர் பெயரை நாடெங்கும் பரப்பின.

ஓவியர் வரைந்த மெல்லிய தாளைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குவோர் ஒருவர்; நிறத்துக்கு ஒரு பலகையாய் மை பூசி, தாள் வைத்துத் தேய்த்து அச்சிடுவோர் வேறொருவர். கழுகின் இறகுகளைக் கோடு கோடாய் மரத்தில் நிறுத்திய கை ஹிரோஷிகேயின் கை அன்று. ஆலையில் நெய்தவன் பெயரின்றித் துணி வெளியேறக் கண்ட நமக்கு, இது மறக்கக் கூடியதன்று.

1855இல் பெரும் பூகம்பம் எடோவைச் சிதைத்தது. மறு ஆண்டு ஹிரோஷிகே தலை மழித்துப் பௌத்தத் துறவு பூண்டார். அதே ஆண்டிலேயே எடோவின் நூறு காட்சிகள் என்னும் பெருவரிசையையும் தொடங்கினார். கழுகு அதனுள் ஒன்று. துறந்தவருக்குத் தூரிகை எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் ஆலையை விட்டுப் பல்லாண்டு கழிந்தும் நம் விரல்கள் உறக்கத்தில் அறுந்த இழையைத் தேடியதுண்டு. அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. இடிந்த நகரை அவர் கண்ணீரோடு வரையவில்லை. பாலம், மழை, பனி, பறவை என்றே வரைந்தார்.

1858இல், வாந்திபேதி எடோவைச் சூறையாடிய ஆண்டில், அவர் காலமானார். அசகுசாவில் ஒரு பௌத்த ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவ்வரிசையில் ஒரு படம் மட்டும் 1859இல் அவர் மாணவர் கையால் வரையப்பெற்று வெளிவந்தது.