ஆழ்கடல் போருக்கு ஆதாரம் தந்தவர்

மெகலோடன் சுறாவும் மோசசாரும் மோதினால் எது வெல்லும்? இன்றைய சிறுவர்கள் ஆர்வத்தோடு விவாதிக்கும் இக்கேள்விக்கு விடை எளிது: அவை சந்தித்திருக்கவே முடியாது. மோசசார்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. மெகலோடன் தோன்றியது அதற்கு 4 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு. ஆயினும், அழிந்துபோன கடல் விலங்குகளை மோதவிட்டுப் பார்க்கும் ஆசை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பழமையானது. அந்த ஆசைக்கு முதன்முதலில் ஆதாரம் தேடித் தந்தவர் ஓர் ஏழைத் தச்சரின் மகள்.

மேரி ஆனிங் 1799-இல் இங்கிலாந்தின் தென்கடற்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1810-இல் தந்தை கடனை விட்டுவிட்டு மறைந்தார். கடலோரப் பாறைகளிலிருந்து புதைபடிவங்களைத் தோண்டி விற்பதே குடும்பத்தின் பிழைப்பாயிற்று. மறு ஆண்டு அண்ணன் ஜோசப் ஒரு விசித்திரமான மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அதன் உடற்பகுதியை மேரி தேடிக் கண்டபோது அவருக்கு வயது 13-ஐத் தாண்டவில்லை. பின்னாளில் இக்தியோசர் என்று பெயர் பெற்ற அந்த எலும்புக்கூடு 23 பவுண்டுக்கு விலைபோனது.

1823-இல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசரின் முழு எலும்புக்கூட்டை மேரி வெளிக்கொணர்ந்தார். அத்தகைய கழுத்து இயற்கையில் இருக்க முடியாது என்று எண்ணிய பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் குவியே, அது போலியாக இருக்கலாமென ஐயுற்றார். பிறகு தம் பிழையை ஒப்புக்கொண்டார். ஆனால், லண்டன் புவியியல் கழகத்தில் அவ்விலங்கைப் பற்றி ஆய்வுரை நிகழ்த்தியவர் மேரியின் பெயரைக் குறிப்பிடவில்லை. பெண்களுக்கு அக்கழகத்தில் அன்று இடமும் இல்லை.

இக்தியோசர்களின் வயிற்றுப் பகுதியில் கிடந்த உருண்டைக் கற்களை உடைத்தால் மீன் முள்ளும் செதிலும் இருப்பதை மேரி கவனித்திருந்தார். அவை கல்லாகிப்போன சாணம் என்று 1829-இல் வில்லியம் பக்லாந்து நிறுவினார். சிலவற்றில் சிறிய இக்தியோசர்களின் எலும்புகளும் இருந்தன. எது எதைத் தின்றது என்பதற்கு அதுவே கைக்கு எட்டிய சான்று.

1830-இல் மேரி பணமுடையில் தவித்தபோது, அவருடைய நண்பரும் புவியியலாளருமான ஹென்றி டி லா பெச் ஓர் ஓவியம் தீட்டினார். இக்தியோசர் ஒன்று பிளீசியோசரின் கழுத்தைக் கவ்வும் காட்சி அதன் நடுவில் இருந்தது. அதன் அச்சுப்படிகளை விற்ற பணம் மேரிக்குச் சென்றது. தொல்லுலகை உயிரோட்டத்துடன் காட்டிய முதல் ஓவியங்களுள் ஒன்றான அது, பின்வந்தோரின் கற்பனைக்கு வித்திட்டது. 1864-இல் வெளிவந்த ஜூல்ஸ் வெர்னின் பூமியின் மையத்தை நோக்கிய பயண நாவலிலும் இதே இரு விலங்குகள் மோதின. அதற்குள் மேரி மறைந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய உழைப்பு ஆபத்து நிறைந்தது. குளிர்காலத்தில் சரியும் பாறைகளே புதிய படிவங்களை வெளிக்காட்டும் என்பதால், அந்தப் பருவத்தில்தான் அவர் தேடப் போவார். 1833-இல் ஒரு சரிவு அவருடைய நாயைப் பலிகொண்டது. அவர் மயிரிழையில் தப்பினார். 1847-இல் மார்பகப் புற்றுநோயால் 47-ஆம் வயதில் காலமானார். புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919-இல். சொந்த ஊரில் அவருக்குச் சிலை எழுந்தது 2022-இல்.

போரின் காட்சி ஓவியத்தில் தொடங்கித் திரைப்படம் வரை பெருகியது. சான்றைத் தோண்டி எடுத்த கை நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. எந்த விலங்கு வெல்லும் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அதை எப்படித் தெரிந்துகொண்டோம், யார் தெரிந்துகொண்டார் என்ற அடுத்த கேள்விக்கு அவர்களை அழைத்துச் செல்வது நம் கடமை. அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது, நன்றியும்தான்.