நட்சத்திர உலையில் மூலகங்களைத் தேடிய ஹொய்ல்

எமது குருதியிலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள கல்சியமும் எங்கு உருவாகின? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் பிரித்தானிய வானியலாளர் சேர் பிரெட் ஹொய்ல். ஆயினும், பெருவெடிப்புக் கொள்கையை இறுதிவரை ஏற்க மறுத்தவர் என்றே அவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார்.

1915ஆம் ஆண்டு யோர்க்ஷயரில் பிறந்த ஹொய்ல், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காக ராடர் ஆய்வில் ஈடுபட்டார். போர் முடிந்தபின், முதுமையடைந்த பாரிய நட்சத்திரங்களின் மையத்தில் நிலவும் கடும் வெப்பமே இரும்பு போன்ற மூலகங்களை உருவாக்குகிறது என 1946இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

எனினும் காபனின் தோற்றம் புதிராகவே இருந்தது. மூன்று ஹீலியம் கருக்கள் இணைந்தே அது உருவாக வேண்டும். அந்த இணைவோ கணிப்பின்படி மிக அரிதாகவே நிகழக்கூடியது. காபன் இத்தனை தாராளமாக இருப்பதாயின், அதன் கருவில் இதற்கு உகந்த சக்தி மட்டமொன்று இருந்தேயாக வேண்டும் என 1953இல் கலிபோர்னியாவில் ஹொய்ல் வாதிட்டார். வில்லியம் ஃபௌலரின் ஆய்வுகூடத்தினர் முதலில் ஐயுற்றனர். பரிசோதனையோ அவரது கணிப்பை மெய்ப்பித்தது.

சூரியனைவிடப் பன்மடங்கு திணிவுடைய நட்சத்திரத்தில் ஐதரசன் தீர்ந்ததும் ஹீலியம் எரிகிறது; பின்னர் காபன், ஒட்சிசன், சிலிக்கன் எனப் படிப்படியாக எரிந்து இறுதியில் இரும்பு எஞ்சுகிறது. இரும்புக் கருக்கள் இணைவதால் சக்தி கிடைக்காது. எனவே மையம் நொறுங்கி, நட்சத்திரம் வெடித்து, மூலகங்களை விண்வெளியில் இறைக்கிறது. அவ்வாறு சிதறியவற்றிலிருந்தே பிற்காலத்தில் பூமி போன்ற கோள்கள் உருவாகின்றன. ஹொய்ல், ஃபௌலர், பேர்பிட்ஜ் தம்பதியர் ஆகிய நால்வரும் 1957இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளமானது.

1983இல் நோபல் பரிசு ஃபௌலருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹொய்ல் விடுபட்டமை இன்றும் விவாதிக்கப்படுகிறது. 1997இல் கிராஃபூர்ட் பரிசு அவரைத் தேடி வந்தது. 2001இல் அவர் காலமானார்.

பெருவெடிப்பு என்ற பெயரை 1949இல் பி.பி.சி. வானொலி உரையொன்றில் முதலில் வழங்கியவரும் அவரே. ஐதரசனும் ஹீலியத்தின் பெரும்பகுதியும் அப்பெருவெடிப்பிலேயே தோன்றின என்பது இன்று ஏற்கப்பட்ட முடிபு. காபன் முதலான பாரமான மூலகங்கள் நட்சத்திரங்களிலிருந்தே வந்தன என்பதும் அவ்வாறே. ஒன்றில் அவர் தோற்றார், மற்றதில் வென்றார். ஓர் அறிஞரைத் தவறிய இடத்தை மட்டும் வைத்து அளவிடுவது நீதியாகாது.