பிழையுணர்ந்த நீதியரசர் ஏர்ல் வாரன்

தவறான தீர்ப்பு வழங்கிவிட்டோம் என உணர்ந்த கணமே அரியணையில் உயிர்துறந்த பாண்டியன் நெடுஞ்செழியனைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டுகிறது. பிழை செய்தவர் உயிரோடு வாழ்ந்து, பின்னர் நீதியின் இருக்கையிலும் அமர நேர்ந்தால் அவர் செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் அமெரிக்க நாட்டின் ஏர்ல் வாரனுடைய வாழ்வைக் கற்பது நலம். கலிபோர்னியா மாநில அரசியலில் வளர்ந்து, அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர் அவர்.

இளமை

வாரன் 1891ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் நார்வே நாட்டிலிருந்து குடியேறிய இரயில்வே தொழிலாளி. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டமையால் வேலையிழந்து, பின்னர்ப் பேக்கர்ஸ்ஃபீல்டு என்னும் ஊருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தவர். சிறுவன் வாரனும் விடுமுறை நாள்களில் இரயில்வேயில் வேலை செய்தார். விபத்தில் கால் இழந்த தொழிலாளர் படும் துன்பத்தை அங்கே நேரில் கண்டார். பெர்க்லியில் பயின்று 1914இல் சட்டப் பட்டம் பெற்றார்.

அரசியல் வாழ்வு

1925இல் அலமீடா மாவட்டத்தின் அரசு வழக்கறிஞரானார். 1939இல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் பொறுப்பேற்றார். அங்கே இவை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவிகள். அதனால் மக்களின் மனப்போக்கும் அச்சமும் பதவியில் இருப்போரை எளிதில் ஆட்கொள்ளும்.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கரையிலிருந்து அகற்ற வேண்டுமென உரத்துக் குரல் கொடுத்தோருள் வாரன் முதன்மையானவர். அவர்கள் நாசவேலை எதிலும் ஈடுபடாமல் இருப்பதே ஐயத்திற்கு இடமளிக்கிறது என்று அவர் வாதிட்டார். குற்றம் செய்யாமையையே குற்றத்தின் அடையாளமாகக் கொண்ட வாதம் இது! 1942இல் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடும் தொழிலும் இழந்து முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள், குழந்தைகளும் பலர்.

அவ்வாண்டுத் தேர்தலிலேயே வாரன் ஆளுநரானார். நம் நாட்டு முதலமைச்சர் பதவிக்கு ஒப்பானது அது. 1946இலும் 1950இலும் மீண்டும் வென்றார். 1947இல், ஆசிய இனக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் பிரித்து வைக்க இடமளித்த மாநிலச் சட்டத்தை நீக்கும் மசோதாவில் கையொப்பமிட்டார். 1948இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

நீதியின் இருக்கையில்

1953இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அவரைத் தலைமை நீதிபதியாக நியமித்தார். கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் பிரித்து வைக்கும் பள்ளிகள் செல்லுமா என்னும் வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது. நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு நிலவியது. வாரன் அவசரப்படவில்லை. ஒவ்வொருவரிடமும் பேசினார். மருத்துவமனையில் இருந்த நீதிபதி ஜாக்சனிடம் தீர்ப்பின் வரைவைத் தாமே கொண்டு சென்றார். 1954 மே 17ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பிரிவினையை ஏற்க மறுத்தனர். பொதுமக்களும் படித்தறியும் வண்ணம் தீர்ப்பைச் சுருக்கமாக எழுதினார். பிரித்து வைத்தல் குழந்தைகளின் உள்ளத்தில் ஆறாத தாழ்வுணர்ச்சியை விதைக்கிறது என்பதே அதன் உயிர்நாடி.

தம் பழைய நிலைப்பாடுகளையும் அவர் மாற்றிக்கொள்ளத் தயங்கவில்லை. மக்கள்தொகைக்கேற்ப மாநில மேலவை இடங்களைப் பகிர்வதை ஆளுநராக எதிர்த்தவர், 1964இல் ஒவ்வொரு வாக்கிற்கும் ஒத்த மதிப்பு வேண்டுமெனத் தீர்ப்பளித்தார். பல்லாண்டுகள் குற்றஞ்சாட்டும் வழக்கறிஞராக விளங்கியவர், 1966இல் மிராண்டா வழக்கில், காவலில் உள்ளவரை விசாரிக்குமுன் அவருக்குரிய உரிமைகளை எடுத்துரைக்க வேண்டுமென விதித்தார். அவரைப் பதவி நீக்கக் கோரும் விளம்பரப் பலகைகள் சாலையோரங்களில் எழுந்தன. அவர் அசையவில்லை.

1969இல் ஓய்வு பெற்ற வாரன், 1974 ஜூலை 9ஆம் நாள் மறைந்தார். 1977இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், முகாம்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளை எண்ணி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தார். 1988இல் அமெரிக்க அரசு முறைப்படி மன்னிப்புக் கோரி, அன்று உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது.

முள்வேலிக்குள் வளர்ந்த குழந்தைகளுக்கு அவ்வருத்தம் காலங்கடந்தே வந்து சேர்ந்தது. அவர்கள் இழந்தவற்றை எத்தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை. எனினும், இனத்தைக் காரணங்காட்டி ஒரு கூட்டத்தாரை ஒதுக்க முன்னின்ற அதே கைதான், பின்னாளில் வேறொரு கூட்டத்தாரின் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்கும் தீர்ப்பை எழுதியது. நேற்றைய கருத்தைக் கைவிடுவது இழுக்கன்று. பிழையெனத் தெரிந்தபின்னும் அதைப் பற்றிக்கொண்டிருப்பதே இழுக்கு. நாளை அதிகாரப் பொறுப்புகளை ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் வாரனின் வாழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.