கல்லான மரமும் செஞ்சிப் பறவையும்: பியேர் சொன்னராவின் வாழ்க்கை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்த செய்தியை முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் இங்குள்ள குடைவரையில் வடமொழியில் பொறித்து வைத்தான். அழியும் பொருளை விலக்கி அழியாப் பொருளை நாடிய ஓர் உள்ளத்தை அக்கல்வெட்டில் காண்கிறோம். இதே மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், திண்டிவனத்திற்குத் தெற்கே, சங்கராபரணி ஆற்றையொட்டிய திருவக்கரையிலோ அழியும் பொருளாகிய மரமே கல்லாகிக் கிடக்கின்றது. அக்கல்மரங்களை ஐரோப்பிய அறிவுலகிற்கு முதன்முதலில் அறிவித்தவர் பிரெஞ்சு இயற்கையியலார் பியேர் சொன்னரா ஆவார். செஞ்சி என்னும் ஊர்ப்பெயர் பறவைகளின் இலத்தீன் பெயர்களில் ஏறி நிற்பதற்கும் அவர் எழுத்தே காரணம். கண்டதைக் கண்டவாறு சொல்லும் கடமையில் ஒருவர் தவறினால் என்ன நேரும், தவறாதிருந்தால் என்ன நிலைக்கும் என்னும் இரண்டிற்கும் அவர் வாழ்வு சான்றாக விளங்குகின்றது.

சொன்னரா 1748ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். அவருடைய உறவினர் பியேர் புவாவ்ர், அன்று பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரிசியசுத் தீவின் நிருவாகியாக இருந்தார். பிரெஞ்சு மொழியில் மிளகைக் குறிக்கும் சொல்லே அவர் குடும்பப் பெயராக அமைந்தது ஒரு வியப்பு. ஏனெனில், கிராம்பும் சாதிக்காயும் ஒல்லாந்தரின் தனியுடைமையாக இருந்த நிலையை உடைத்து, அச்செடிகளைத் தம் தீவில் வளர்க்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் வேட்கை. அவரிடம் பணிபுரிய இளைஞர் சொன்னரா மொரிசியசு சென்றார். தாவரவியலில் பேரறிஞரான பிலிபெர் கொமெர்சோன் அப்போது அங்கே தங்கியிருந்தார். அவரருகே இருந்து சேகரிக்கவும் வரையவும் பழகியதே சொன்னராவுக்குக் கிடைத்த பல்கலைக்கழகக் கல்வி எனலாம். 1771, 1772ஆம் ஆண்டுகளில் வாசனைச் செடிகளைத் தேடிக் கீழைத்தீவுகளுக்குச் சென்ற கப்பல் பயணத்தில் அவரும் இடம்பெற்றார். பிலிப்பைன் தீவுகளையும் மொலுக்கசுப் பகுதியின் சில தீவுகளையும் கண்டு திரும்பினார்.

அந்தப் பயணத்தைப் பற்றி 1776இல் அவர் வெளியிட்ட நூல் அவருக்குப் புகழையும் மாறாப் பழியையும் ஒருசேரத் தந்தது. நூலின் பெயரிலேயே நியூகினித் தீவு இடம்பெற்றிருந்தது. ஆனால், அவர் அத்தீவில் கால் வைத்ததே இல்லை. அங்கே கண்டவையாக அவர் விவரித்த பறவைகளுள் தென்கடலின் குளிர்த்தீவுகளில் வாழும் பென்குவின்களும், ஆத்திரேலியாவில் வாழும் கூக்கபரா என்னும் பெரிய மீன்கொத்தியும் அடங்கும். பிற பயணியரிடமிருந்து பெற்ற பறவைத் தோல்களை வைத்துக்கொண்டு அவற்றைத் தாமே நேரில் கண்டதாக எழுதிவிட்டார் என்று பின்வந்த ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஒரு பயணி தம் பெருமைக்காகச் சற்று மிகைப்படுத்தினார் என்று இதனைத் தள்ளிவிட இயலவில்லை. அவர் நூலை நம்பி 1781இல் பார்சுட்டர் ஒரு பென்குவினுக்குப் பாப்புவா என்னும் பெயரைச் சூட்டினார். 1783இல் எர்மன் கூக்கபராவுக்கு நியூகினியின் பெயரை வைத்தார். முந்திச் சூட்டிய பெயருக்கே முதன்மை என்பது உயிரியல் பெயரீட்டின் விதி. பொருள் பொய்யானாலும் பெயர் மாறுவதில்லை. எனவே, நியூகினியைக் கண்டறியாத இரு பறவைகள் இன்றும் நியூகினியின் பெயரைச் சுமக்கின்றன.

1774 முதல் 1781 வரை சொன்னரா மீண்டும் கீழைநாடுகளில் பயணம் செய்தார். புதுச்சேரியும் சோழமண்டலக் கரையும் அவருடைய பார்வையில் விரிந்தன; சீனத்தின் கான்டன் துறைமுகத்தையும் அவர் கண்டார். இப்பயணத்தின் பயனாக 1782இல் இரு தொகுதிகளாக வெளிவந்த நூலில் தமிழகத்தின் தெய்வங்கள், கைத்தொழில்கள், பழக்கவழக்கங்கள், விலங்குகள், பறவைகள், தாவரங்கள் ஆகியன படங்களுடன் இடம்பெற்றன. அந்நூலில் ஒரு செய்தி கருதத்தக்கது. எசூர்வேதம் என்னும் பெயரில் ஒரு நூல் அக்காலத்தில் ஐரோப்பாவில் உலவியது. அதனைத் தொன்மையான வேதமாக வால்த்தேரே போற்றினார். 1778இல் அது அச்சிலும் வந்தது. அது வேதமன்று, கிறித்தவ சமயப் பணியாளர் ஒருவர் எழுதிய வாத நூலே என்று முதலில் அச்சில் எடுத்துரைத்தவர் சொன்னராவே. காணாத தீவைக் கண்டதாக எழுதிய அதே கை, பிறர் செய்த போலியைத் தயங்காமல் சுட்டிக் காட்டியது. மனித மனத்தின் இவ்விரு முகங்களையும் ஒன்றால் மற்றொன்றை மறைக்காமல் காண்பதே அவரை அறியும் வழியாகும்.

திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றிய குறிப்பும் இப்பயணத்தில் விளைந்ததே. 1781 அக்கண்டுபிடிப்பின் ஆண்டாகப் பதிவாகியுள்ளது. வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரார் கதை வழங்கிய அப்பாறைத் துண்டுகளில் மரத்தின் வரிகளை அவர் கண்டார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் 247 ஏக்கர் பரப்பில் அவை காக்கப்படுகின்றன. 3 முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் அங்கே கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடையவை அவை. கிளையும் இலையும் வேரும் காணப்படாமையால், வேறிடத்தில் வளர்ந்து வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்பர். மண்ணடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் அணுஅணுவான அறைகளில் புகுந்து படிந்தமையால், கல்லான பின்னும் மரத்தின் உள்ளமைப்பு கெடவில்லை. அதனால்தான் பின்வந்த அறிஞர்கள் அக்கல்லை மெல்லிய தகடாக அறுத்து, வாழும் மரத்தின் வெட்டுமுகத்தோடு ஒப்பிட்டு, புளி, குங்கிலியம் முதலான குடும்பங்களுக்கு உரியவை என வகைப்படுத்த முடிந்தது.

பறவைகளின் நிலை வேறு. சொன்னரா தம் பறவைகளைப் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிலேயே பெயரிட்டு விவரித்தார். இலத்தீன் பெயர் சூட்டியவர்கள் அவர் நூலைத் தம் மேசையில் விரித்து வைத்துக்கொண்ட ஐரோப்பிய அறிஞர்களே. இத்தாலியின் ஸ்கோப்போலி 1786இலும், செருமனியின் கிமேலின் 1789இலும், இங்கிலாந்தின் லேதம் 1790இலும் அவ்வாறு செய்தனர். செஞ்சிப் பகுதிக்குரியவை என்று சொன்னரா குறித்த பறவைகளுக்குச் செஞ்சியின் பெயர் அமைந்தது இவ்வாறே. லேதம் ‘சிஞ்சினியானசு’ என்று பெயரிட்ட மஞ்சள்முகப் பாறு உண்மையிலேயே இம்மண்ணின் பறவை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் அமுதுண்ண வந்ததாகப் போற்றப்பட்ட இணைப்பறவைகள் இவ்வினமே. ஆனால் அதே பெயர் பெற்ற ஆற்று மைனா சிந்து, கங்கைச் சமவெளிகளின் ஆற்றங்கரைகளில் வளை தோண்டி வாழ்வது. கிமேலின் ‘சிஞ்சிகசு’ என்று பெயரிட்ட, கழுத்தில் வெண்பட்டை பூண்ட கவுதாரியோ தென்கிழக்குச் சீனத்து மலைக்காடுகளுக்கே உரியது. கான்டனில் வாங்கிய தோலும் செஞ்சியில் எடுத்த குறிப்பும் ஒரே பெட்டியில் கலந்தனவோ, நினைவுதான் பிறழ்ந்ததோ, செஞ்சிக் கோட்டையை ஒருநாளும் காணாத ஒரு சீனப் பறவை செஞ்சியின் பெயரால் வழங்குகின்றது.

கல்லில் நிகழாத பிழை பறவையில் நிகழக் காரணம் யாது? சொல்லோடு பொருளும் நிலைத்திருந்தால் சொல்லைச் சோதிக்கலாம். பொருள் மறைந்து சொல் மட்டும் எஞ்சினால் நம்புவதொன்றே வழி. இதற்கு மரவட்டைகளைப் பற்றிய ஆய்வினை எடுத்துக்காட்டாகக் கூறலாம். 1758இல் லின்னேயசு, மழைக்காலத்தில் நம் திண்ணையோரம் ஊர்ந்து தொட்டால் சுருளும் மரவட்டைகளை ஒரே பேரினத்துள் அடக்கிப் பூச்சிகளோடு சேர்த்து வைத்தார். இன்று அவை தனி வகுப்பாகி, ஏறத்தாழ 12,000 சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. மரத்தினின்று வழிந்த பிசினில் சிக்கி, பிசின் இறுகி அம்பரான போது அதனுள்ளே காக்கப்பட்ட மரவட்டைகளும் அவ்வகைப்பாட்டில் இடம்பெறுகின்றன. மியன்மாவின் அம்பரில் கிடைத்த, 8.2 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு பெண் மரவட்டை ஏறத்தாழ 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது. வாழும் எந்த உட்பிரிவிலும் அடங்காத அதற்கெனப் புதியதோர் உட்பிரிவையே 2019இல் ஆய்வாளர்கள் வகுத்தனர். அவர்கள் பிழைத்திருந்தால் நாளை ஒருவர் அதே அம்பரை எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். அம்பருள் மரவட்டை இருக்கின்றது. திருவக்கரையில் மரம் இருக்கின்றது. செஞ்சிக் கவுதாரிக்கோ சொன்னராவின் சொல் மட்டுமே இருந்தது.

எனினும் அவரைப் பிழைகளால் மட்டும் அளப்பது நேர்மையாகாது. நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியை அறிவியலுக்கு விரிவாக அறிமுகம் செய்தவர் அவர். 1813இல் தெம்மிங்க் அதற்குச் சொன்னராவின் பெயரையே சூட்டினார். வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழியே என்று டார்வின் முடிவு கட்டியபின் சாம்பல் கோழியின் உறவு ஒதுக்கப்பட்டது. ஆனால், வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபுக்கூறு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்தது என்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒதுக்கப்பட்ட உறவு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின் மரபணுவில் தன்னை மெய்ப்பித்துக்கொண்டது.

1786இல் மீண்டும் இந்தியா வந்த சொன்னரா தம் எஞ்சிய வாழ்வின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். ஏனாமில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாகப் பணியாற்றினார். 1793இல் பிரெஞ்சுப் பகுதிகளை ஆங்கிலேயர் கைப்பற்றியதும் அவர் கைதியானார். நாடு திரும்ப வழியின்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. அந்நாள்களில் அவர் தம் இந்தியப் பட்டறிவை மீண்டும் ஒரு நூலாக எழுதினார். 1813இல் தாயகம் திரும்பி, 1814 மார்ச்சு 31ஆம் நாள் பாரிசில் மறைந்தார். நூல் அச்சேறவில்லை. கையெழுத்துப் படியாகவே கிடந்த அது, 180 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1995இல்தான் புதுச்சேரியில் பதிப்புற்றது. இளமையில் அவசரமாக அச்சேறிய பொய் உடனே உலகெங்கும் பரவிற்று. முதுமையில் பொறுமையாக எழுதிய நூல் இரு நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் உவர்நீரில் வேரூன்றி நிற்கும் மரங்களுள் ஒன்றின் பேரினப் பெயர் சொன்னரேசியா. லின்னேயசின் மகன் 1782இல் சூட்டிய பெயர் அது. மரத்தைக் கல்லில் கண்டு சொன்னவரின் பெயர் உயிருள்ள மரத்தில் தங்கியிருப்பது பொருத்தமே. பெயரிடுவோர்க்கும் சொல்லை ஆள்வோர்க்கும் அவர் விட்டுச்சென்ற படிப்பினை ஒன்று உண்டு. சூட்டிய பெயர் சூட்டியவர் காலத்தோடு முடிவதில்லை. மண்டகப்பட்டுச் சாலையில் செஞ்சியை நோக்கிச் செல்வோர் தலைக்கு மேலே எப்போதேனும் ஒரு பாறு வட்டமிடுமாயின், அப்பறவை அவர் சொல்லின் மெய்யைச் சுமந்து பறக்கின்றது. சீனத்துக் குன்றுகளில் கவுதாரி ஒன்று கூவுமாயின், அதுவும் அவர் சொல்லைச் சுமந்தே கூவுகின்றது.