கலாயோகியின் உளக்கண்

தம் வாழ்க்கையை எவரும் எழுதுதல் வேண்டா என்று மறுத்துரைத்த ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுதல் ஒருவாறு துணிச்சலான செயலே. மலாயாவில் வாழ்ந்த எஸ். துரைராஜசிங்கம் வரலாற்றுக் குறிப்புக்கள் வேண்டி எழுதியபொழுது, கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அதற்கு இசைந்தாரல்லர். தன்னடக்கம் காரணமாக மறுத்தார் எனக் கொள்ளுதல் பொருந்தாது. மனிதனின் ஆளுமை என்று நாம் போற்றுவது யாது, அது போற்றத்தக்கதுதானா என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடையே அம்மறுப்பாக அமைந்தது. துரைராஜசிங்கமோ பின்னர் அவரைப் பற்றிப் பல தொகுப்புக்களை வெளியிட்டே தீர்ந்தார். அவர் வழியில் யாமும் செல்கின்றோம்.

1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தவர் ஆனந்தர். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, சட்ட நிரூபண சபையில் வீற்றிருந்த தமிழ்ப் பெருமகன். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி 1863இல் வெளியிட்டவர். பாளி நூலாகிய சுத்தநிபாதத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் நாட்டினர். மைந்தனுக்கு இரண்டு வயது நிரம்புமுன், 1879இல், தந்தையார் காலமானார். தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தந்தைமொழி செவிவழி வந்து சேரும் வாய்ப்பு அற்றுப்போயிற்று. பிற்காலத்தில் கிரேக்கம், இலத்தீன், வடமொழி, பாளி எனப் பன்மொழி பயின்ற அப்பேரறிஞர், ஆடவல்லானின் கூத்தை விளக்கப் புகுந்தபோது, உண்மை விளக்கம் முதலாய நம் சைவ நூல்களைப் பிறர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புக்களின் துணைகொண்டே அணுக வேண்டியிருந்தது. தாய்மொழிக் கல்விக்காக அவர் பின்னாளில் அத்துணை வெம்மையுடன் வாதாடியமைக்கு இந்த இழப்பும் ஒரு காரணமாகலாம் என்பது எம் துணிபு.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று, 1900இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளியல் ஆய்வுப் பகுதியின் தலைவராய்க் கடமையாற்றினார். மாணிக்கக்கற் சரளையிலே கிடைத்த பாரமான கரிய கனிப்பொருள் ஒன்றை அவர் கண்டெடுத்தமையும், அது தோரியனைற்று எனப் பெயர் பெற்றமையும் 1904ஆம் ஆண்டுச் செய்திகள். பிறர் கருங்கல் என்று கடந்துபோவதில் வேற்றுமை காணும் கண் அவர்க்கு அன்றே வாய்த்திருந்தது.

எனினும் அக்கண்ணுக்கு வேறு பயிற்சி அளித்தது கண்டி நாடு. கற்களைத் தேடி ஊரூராய்ச் சென்றவர், எம்பக்கைத் தேவாலயத்து மரத்தூண்களையும், தெகல்தொறுவைக் குகையின் சுவரோவியங்களையும், கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பி 1344இல் எழுப்பிய கடலாதெனியாக் கோயிலையும் உடைய ஒரு நாட்டிலே, அக்கலைகளின் வழித்தோன்றல்கள் தொழிலின்றி வாடக் கண்டார். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு வெளிப்படையாக ஒரு மடல் வரைந்து, பழைய கட்டடங்கள் பாழ்படுவதையும் கைவினைஞர் கைவிடப்படுவதையும் எடுத்துரைத்தார். இரவல் இறகுகள் எனப் பொருள்படும் தலைப்பில், பிறர் உடையையும் நடையையும் பூணுவோரைக் கண்டிக்கும் சிறு நூலொன்றும் அதே ஆண்டிற் கண்டியிலே அச்சேறியது. ஐஸ்லாந்து மொழிப் பழம்பாடல் ஒன்றை ஆங்கிலத்தில் ஆக்கி, அதனையும் கண்டியிலேயே அச்சிட்டார் என்றால் இன்று நம்புதல் அரிது!

கண்டிக் கைவினைஞரிடம் அவர் கற்றதே அவருடைய பிற்காலச் சிந்தனை அனைத்திற்கும் வித்து. மேலைநாட்டு ஓவிய மாணவன் முன்னே ஒரு பொருளை வைத்துக்கொண்டு அதனைப் பார்த்து வரைவான். கண்டிச் சித்திரகாரனின் பிள்ளையோ இரட்டை வளைகோடு ஒன்றைத் திரும்பத் திரும்ப வரைந்து, பின்னர் கொடி, மலர், அன்னம் என வளர்ந்து செல்வான். அவன் வரைவது மரத்திலுள்ள மலரையன்று, மனத்திலுள்ள மலரையே. திருவுருவங்களின் அளவுகளைக் கூறும் சாரிபுத்திரம் என்னும் நூலை ஓதி உணர்ந்து, உருவத்தை உள்ளத்தில் முழுமையாகக் கண்ட பின்னரே கை உளியைத் தொடும். காட்சி என்பது கண்ணில் தொடங்குவதன்று, கருத்திலே தொடங்குவது என்னும் உண்மையைக் குமாரசுவாமி ஏட்டிலே படிப்பதன் முன் இப்பட்டறைகளிலே கண்டார்.

நேத்திர மங்கலம் என்னும் சடங்கினை அவர் விரிவாகப் பதிந்துள்ளார். புத்தர் திருவுருவத்தின் கண்கள் இறுதியிலேயே எழுதப்படும். நல்ல முகூர்த்தத்தில் சிற்பி உருவத்தை நேரே நோக்காது, கண்ணாடியில் தெரியும் நிழலை நோக்கியே கண் திறப்பான். பின்பு அவன் கண்களை மூடி வெளியே அழைத்துச் செல்வர். அவன் முதற்பார்வை அழிவதற்கென வைத்த ஒரு பொருளின்மீதே விழவேண்டும். நம் ஆலயக் குடமுழுக்கிலே நிகழும் நயனோன்மீலனத்தை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. பார்க்கப்படும் பொருள் பார்ப்பவனைத் திரும்பப் பார்க்கிறது என்னும் எண்ணத்தை மூடநம்பிக்கை என அக்காலத்து ஆங்கிலக் கல்வியாளர் பலர் தள்ளினர். குமாரசுவாமி தள்ளவில்லை, ஒரு மக்கட்கூட்டத்தின் அறிவுமுறை அதனுள் இருக்கக் கண்டார்.

இவற்றின் விளைவே மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். துணைவியார் எதெல் படங்கள் எடுத்து உதவினார். இங்கிலாந்து திரும்பிய ஆனந்தர், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிட்டு, 1908இல் 425 பிரதிகள் வெளியிட்டார். சாதிப் பிரிவினால் கட்டுண்ட பழைய தொழின்முறையை அந்நூல் அளவிறந்து போற்றுகிறது என்பதையும் ஈண்டுக் கூறாது விடுதல் முறையன்று. பட்டறையிலே பிறந்தவனுக்கு அது வீடும் ஆகும், சிறையும் ஆகும்.

இந்தியாவில் சில காலம் உலாவி, அரிய ஓவியங்களைத் திரட்டி, 1917இல் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையிற் சேர்ந்தார். அங்கே முப்பதாண்டு. அபிநய தர்ப்பணத்தின் ஆங்கில ஆக்கம் 1917இலும், சிவநடனம் 1918இலும் வெளிவந்தன. முகத்திலும் விரலிலும் தோன்றும் மெய்ப்பாடு நடிகனின் சொந்த உணர்ச்சியன்று என்பதை அவர் வற்புறுத்தினார். அழுகையை ஆடுபவள் தானே அழுதுவிட்டால் அவையோர்க்குச் சுவை பிறவாது. சுவை காண்போன் உள்ளத்திலேயே பிறக்கும். நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடு வகுத்த தொல்காப்பியத்தைக் கற்றோர் இக்கருத்தின் அருமையை எளிதில் உணர்வர்.

1943இல் எழுதிய ஒரு கட்டுரையிலே சம்வேகம் என்னும் பாளிச் சொல்லை எடுத்து ஆராய்ந்தார். சவுக்குப் பட்ட குதிரை உடல் சிலிர்த்தல் அதன் அடிப்பொருள். உயர்ந்த கலையின் முன் நிற்பவன் அவ்வாறே அதிர்ந்து, அந்த அதிர்ச்சியினின்றும் பொருளுணர்வுக்குச் செல்கிறான். கலையின்பத்தைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் சொல்லோ, மூல கிரேக்கத்தில் வெறும் புலனுணர்வையே குறிப்பது. இச்சொல்லாட்சியே அவர்களைத் தவறான வழியிற் செலுத்திற்று என்பது அவர் வாதம். சொல் தவறினால் சிந்தனை தவறும் என்பதிலே அவர்க்கு ஐயமே இருந்ததில்லை. ஆதலால் அவர் பிற்காலக் கட்டுரைகளில் அடிக்குறிப்பு நூலை விஞ்சி நிற்கும். மாணவர் பொறுமையுடன் படிக்க வேண்டும்.

ஆளுமை பற்றிய அவர் கருத்து, அவர் மறைந்து முப்பதாண்டு கழித்து 1977இல் வெளிவந்த தொகுப்பிலுள்ள நெடுங்கட்டுரை ஒன்றிலே தெளிவாகக் காணப்படுகிறது. விருப்பு, வெறுப்பு, நினைவு இவற்றின் திரட்சியாகிய நான் என்பது ஒரு பொருளன்று, ஓயாது மாறும் நிகழ்ச்சியே. உடல் தேர்; புலன்கள் குதிரை; செலுத்துவோன் வேறு. கடோபநிடதமும் பிளேட்டோவும் இவ்வுவமையில் ஒன்றுபடுவதை அவர் எடுத்துக் காட்டுவார். அக்கால மேலை உளவியல் குதிரைகளை ஆராய்ந்து தேரோட்டியை மறந்தது என்பதே அவர் குறை. தம் பெயரைக் கல்லிற் பொறியாது சென்ற கண்டிச் சிற்பியை அவர் ஏன் அத்துணை மதித்தார் என்பதும், தம் வரலாற்றை ஏன் மறுத்தார் என்பதும் இதனால் விளங்கும். ஆயினும் குதிரைகளின் ஓட்டத்தை அளந்தறிதலும் வேண்டுவதே என்போர் உளர். யாமும் அவர்களுள் ஒருவேம்.

1947 ஓகஸ்ட் 22இல் எழுபதாவது பிறந்தநாள் விருந்திலே, பணியினின்றும் ஓய்ந்து இந்தியா சென்று இமயத்தின் அண்மையிலே தங்குதல் தம் விருப்பம் என அறிவித்தார். பதினெட்டு நாட்களின் பின், செப்டெம்பர் 9ஆம் நாள், பொஸ்ரனை அடுத்த நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்திலே உயிர் நீத்தார். கண்டியிலே கருவுற்ற அப்பெருநூல் 1956இல் நியூயோர்க்கில் இரண்டாம் பதிப்பாக வெளிவந்தது.