அன்னி பெசண்ட் அம்மையாரும் சாரணர் இயக்கமும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, இரயில்வே காலனியிலே குடியமர்ந்து வாழும் நமக்கு, நம் குழந்தைகளைப் பற்றிய கவலை ஒன்று எந்நாளும் உண்டு. காளத்தி நம் முன்னோர் பாடிப் பரவிய தலமே. வேங்கடமோ தமிழகத்தின் வடவெல்லையாகப் பழம்பாடல்களிலே குறிக்கப்பெற்ற மலை. எனினும் இன்று ஏர்பேட்டிலும் ரேணிகுண்டாவிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டிலே ஒரு மொழியும் வீதியிலே ஒரு மொழியுமாக வளர்கின்றனர். அவர்கள் தமிழை மறந்துவிடுவரோ என்னும் அச்சத்தால் நாம் அவர்களை வெளியே விடாமல் அணைத்துக்கொள்கிறோம்.

அடியேனும் அவ்வாறு செய்தவனே. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்பிலே படித்த என் மகன், சாரணர் படையிற் சேர்வதற்கான தாளைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து நீட்டினான். படிப்புக் கெடும், முகாம் என்று சொல்லி ஊர் ஊராக அழைத்துச் செல்வார்கள், ஞாயிறுதோறும் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்பும் தவறிப்போகும் என்று காரணங்கள் பல கூறிக் கையொப்பமிட மறுத்துவிட்டேன். அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அடுத்து வந்த சுதந்திர தின விழாவிலே அவன் வகுப்புத் தோழர்கள் கழுத்துத் துணி அணிந்து, வந்தோர்க்குத் தண்ணீர் வழங்கிக்கொண்டிருந்தனர். என் மகன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நின்ற நிலை என் நெஞ்சை உறுத்தியது. அதன் பின்னரே இவ்வியக்கத்தின் வரலாற்றைப் படிக்கத் தலைப்பட்டேன். அவ்வரலாற்றிலே நான் கண்ட ஒரு மாதரசியின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

அன்னி பெசண்ட் அம்மையார் 1847ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலண்டன் மாநகரிலே, அயர்லாந்துக் குருதி கலந்த குடும்பத்திலே பிறந்தார். ஐந்து வயதிலே தந்தையை இழந்தார். தாயார் மாணவர் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தமையால், சிறுமி அன்னி வேறொரு மாதின் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். அந்த ஆசிரியையோடு ஜெர்மனி, பிரான்சு முதலிய நாடுகளிலும் இளமையிற் சில காலம் கழித்தார். ஆகவே தன் வீட்டையும் தன் நாட்டையும் விட்டு அயலிடத்தில் வளரும் குழந்தையின் மனத்தை அவர் தம் அனுபவத்தாலேயே அறிந்தவர்.

1867இல் பாதிரியார் ஒருவருக்கு மனைவியானார். ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரு மக்கள் பிறந்தனர். சமயக் கொள்கையிலே கணவருக்கும் அவருக்கும் ஏற்பட்ட வேறுபாடு முற்றி, 1873இல் இருவரும் பிரிந்தனர். மகன் தந்தையிடம் நின்றான். அம்மையாரின் சீர்திருத்தக் கருத்துகளைக் குற்றமாகக் காட்டி, 1878இல் நீதிமன்றம் மகளையும் அவரிடமிருந்து பிரித்துவிட்டது. பெற்ற தாயின் மடியிலிருந்து சட்டம் குழந்தையைப் பறித்துச் சென்றது. அவ்விருவரும் வளர்ந்து ஆளான பின்னர் அன்னையைத் தேடி வந்தனர் என்பது ஆறுதல். ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பித் தர இயலும்?

தம் குழந்தைகளை வளர்க்கும் பேறு இழந்த அவர், பிறர் குழந்தைகளின் நலனுக்கே உழைக்கலானார். 1888இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையிலே குறைந்த கூலிக்கு உழைத்து, பாஸ்பரஸ் நஞ்சினால் தாடை அரிக்கப்பெற்ற பெண்களுக்காக எழுதினார். அங்கே ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். மறு ஆண்டிலே பிரம்மஞான சபையிற் சேர்ந்தார். 1893 நவம்பரில் இலங்கை வழியாகத் தூத்துக்குடியில் வந்திறங்கினார். பாரத நாட்டிலே அவர் முதலில் மிதித்த மண் நம் தமிழ் மண்ணே.

1898இல் காசியிலே மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். 1907 முதல் சபையின் தலைவராகச் சென்னை அடையாற்றிலே வாழ்ந்தார். அன்று நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியிலே 1915இல் எழுந்த பிரம்மஞானக் கல்லூரியும் அவருடைய முயற்சியின் பயனே. 1919இல் கவி ரவீந்திரநாத் தாகூர் வந்து தங்கி, நம் நாட்டுப் பண்ணை ஆங்கிலத்திலே பெயர்த்தது அக்கல்லூரியில்தான்.

இனிச் சாரணர் இயக்கத்துக்கு வருவோம். பேடன் பவல் பிரபு 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவிலே, செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே முகாமில் தங்கவைத்து இவ்வியக்கத்துக்கு வித்திட்டார். இரண்டே ஆண்டுகளில், 1909இல், பெங்களூரிலே இந்தியாவின் முதற் சாரணர் படை தோன்றியது. ஆனால் அதிலே சேர்ந்தவர் யார்? இங்கே உத்தியோகத்தின் பொருட்டு வந்து தங்கியிருந்த ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளே. இந்நாட்டுச் சிறுவர்க்கு அங்கே இடமில்லை. சாரணப் பயிற்சி பெற்றால் இவர்கள் புரட்சிக்காரர் ஆகிவிடுவர் என்று ஆட்சியாளர் அஞ்சினர். அவ்வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இந்நாட்டிலே இருந்தும் இந்நாட்டுப் பிள்ளைகளோடு ஓடி விளையாடாமல் விருந்தினராகவே வளர்ந்தனர். அது இரு சாராருக்கும் இழப்பன்றோ?

இந்தக் குறையை அம்மையார் பொறுக்கவில்லை. ஜார்ஜ் அருண்டேல் அவர்களின் துணையோடு 1917இல் சென்னையிலே இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகையும், ஆங்கிலப் பாட்டுக்குப் பதிலாக இந்நாட்டுப் பாட்டும் அதில் இடம்பெற்றன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், சுயாட்சி கேட்டமைக்காக அரசாங்கம் அவரைக் காவலில் வைத்தது. செப்டம்பரில் விடுதலையானார். டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அப்பதவியிலே அமர்ந்த முதற் பெண்மணி அவரே. காந்தியடிகளின் ஒத்துழையாமையை அவர் ஏற்காததனால் பின்னாளில் அவருடைய அரசியற் செல்வாக்குக் குன்றியது. அவருடைய கொள்கைகளை மறுத்தோர் தமிழகத்திலும் பலர். ஆயினும் சிறுவர்க்கு அவர் ஆற்றிய தொண்டை மறுப்பார் இல்லை.

1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது, அம்மையாரின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. மூடியிருந்த கதவு இந்தியச் சிறுவர்க்குத் திறந்தது. 1932இல் சாரணர் இயக்கத்தின் உயர் விருதாகிய வெள்ளி ஓநாய் அவருக்கு அளிக்கப்பெற்றது. 1933 செப்டம்பர் 20ஆம் நாள் அடையாற்றிலே, தாம் தேர்ந்துகொண்ட நாட்டிலேயே, அம்மையார் உயிர் நீத்தார். தனித்தனியே இயங்கிய சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றுபட்டன. மறு ஆண்டில் சாரணியரும் சேர்ந்தனர். நம் இரயில்வேயின் மண்டலங்களும் இவ்வியக்கத்திலே மாநிலங்களுக்கு நிகரான தனி அமைப்புகளைப் பெற்றிருக்கின்றன.

அன்பர்களே, இவ்வரலாற்றை நம் காலனி வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். அன்று கதவை அடைத்தவர் அந்நியர். இன்று கதவு திறந்தே இருக்கிறது. நம் பிள்ளைகள் உள்ளே செல்லாதபடி தடுப்பவர் நாமே. மண்ணின் பிள்ளைகளோடு சேர்ந்து முடிச்சுப் போடவும், கூடாரம் அடிக்கவும், காயத்துக்குக் கட்டுக் கட்டவும், பக்தர் கூட்டத்திலே வழிகாட்டவும் கற்கும் பிள்ளை, இவ்வூரிலே விருந்தாளியாக இரான். ஊருக்கு உறவினன் ஆவான். ஒவ்வொரு சாரணனும் மற்றச் சாரணனுக்கு உடன்பிறந்தான் என்பது அவ்வியக்கத்தின் விதி. தமிழைக் காப்பதற்குப் பிள்ளையை வீட்டில் அடைத்துவைத்தல் வழியன்று. மாலையில் அரை நாழிகை நாம் அவனுடன் அமர்ந்து தமிழ் படித்தலே வழி. அக்கடமை பெற்றோராகிய நம்முடையது. அதைச் செய்யாத குறையைப் பிள்ளையின் விளையாட்டின்மேல் ஏற்றுதல் முறையோ?

மறு ஆண்டு அந்தத் தாளில் நான் கையொப்பமிட்டேன். முதல் முகாமுக்குச் சென்று வந்த என் மகன், கூடாரத்திலே தன் தெலுங்குத் தோழர்களுக்குத் தமிழில் ஒன்று முதல் பத்து வரை எண்ணக் கற்றுக்கொடுத்ததாகக் கூறினான். அவர்கள் அவனுக்கு வேமனரின் பாடல் ஒன்றைக் கற்பித்தனராம். இரவு உணவின்போது அதைப் பிழையின்றிப் பாடிக் காட்டினான். பொருள் கேட்டேன். தமிழிலே விளக்கினான்.

வாழ்க அம்மையாரின் புகழ்! வளர்க நம் இளைஞர்!